எம்டன் எந்த நாள் எம்டன்? 1/350 மாடலில் தேதி பார்த்து அழுக்கேற்றுவது

“அவன் சரியான எம்டன்” என்று யாரையாவது சொல்லாத தமிழ் வீடு குறைவு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வந்து, தேடுவிளக்கை வீசி, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, கரையில் இருந்தவர்கள் சுதாரிப்பதற்குள் இருட்டில் மறைந்த ஜெர்மன் கப்பலின் பெயர் அது. சுமார் 130 குண்டுகள் சுட்டது. குண்டு விழுந்ததன் அடையாளமாக உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பெயர் நம் பேச்சில் தங்கிவிட்டது. கப்பலின் உருவம்தான் பலருக்குத் தெரியாது. மூன்று புகைபோக்கி, முன்னும் பின்னும் இரண்டு உயரமான கம்பங்கள், நீருக்கடியில் முன்னோக்கி நீளும் கூர்மூக்கு என்று கண்ணுக்கு மிக அழகான கப்பல். பிளாஸ்டிக் மாடலாகக் கட்டுவதற்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை என்பது என் முடிவு.

ரெவெல் நிறுவனம் இதை 1/350 அளவில் பெட்டியாகப் போடுகிறது. பெட்டியில் வரும் பாகங்களை மட்டும் ஒட்டினாலே கப்பல் வந்துவிடும். ஆனால் வண்ணம் வாங்கும் முன், ஏன், முதல் பாகத்தை வெட்டும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். நீங்கள் கட்டப்போவது எந்த நாள் எம்டன்?

சமாதான காலத்தில் கிழக்காசியப் படையில் இருந்தபோது உடல் முழுக்க வெள்ளை, புகைபோக்கிகள் மங்கிய காவி மஞ்சள். ‘கிழக்கின் அன்னம்’ என்ற செல்லப்பெயர் அந்த வெள்ளையால் வந்தது. 1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது வெள்ளையின் மேல் சாம்பல் ஏறியது. செப்டம்பர் 22 சென்னைக்கு வந்தது அந்தச் சாம்பல் கப்பல். அக்டோபர் 10 வாக்கில் இந்தியப் பெருங்கடலின் டியேகோ கார்சியா தீவில் நங்கூரமிட்டு, ஒரு பக்கத் தொட்டிகளில் நீர் நிரப்பிக் கப்பலைச் சாய்த்து, நீர்மட்டத்துக்குக் கீழே படிந்திருந்த சிப்பியையும் பாசியையும் சுரண்டிப் புது வண்ணம் அடித்தார்கள். போர் தொடங்கிய செய்தியே அந்தத் தீவுக்காரர்களுக்கு அப்போது எட்டியிருக்கவில்லை. அக்டோபர் 28 விடியலில் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தபோது கப்பலுக்கு நான்கு புகைபோக்கி. நான்காவது, மரச்சட்டத்தில் கித்தான் கட்டிய போலி. பிரிட்டிஷ் கப்பல் யார்மவுத் போலத் தெரிய வேண்டும் என்று வைத்தது. நவம்பர் 9 கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியோடு மோதியபோது படகுத் தூக்கிகள் சில காலி. லெப்டினன்ட் முக்கே தலைமையில் 50 பேர் நீராவிப் படகிலும் இரண்டு துடுப்புப் படகுகளிலும் கரைக்குப் போயிருந்தார்கள்.

ஆக, ஒரே பெட்டியிலிருந்து நான்கு வேறு கப்பல்கள் வரும். அன்னத்தின் வெள்ளையில் கோகோஸ் சண்டையின் துருவை ஏற்றினால், ஒட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மாடல் தவறு. இங்கே எடுத்துக்கொள்வது செப்டம்பர் 22 கப்பல்: சாம்பல் நிறம், மூன்று புகைபோக்கி, எல்லாப் படகும் இடத்தில், ஒன்றரை மாதக் கடல் அழுக்கு.

முதலில் கணக்கு

1/350 என்றால் மாடலில் 1 மி.மீ. நிஜத்தில் 35 செ.மீ. இதை மனப்பாடம் செய்துகொண்டால் பாதித் தவறுகள் தானாகவே நிற்கும். எம்டனின் முழு நீளம் 118.3 மீட்டர்; மாடலில் 33.8 செ.மீ. அகலம் 13.5 மீட்டர், மாடலில் 3.9 செ.மீ.கூட இல்லை. ஆள் ஒருவர் 5 மி.மீ. உயரம். கைப்பிடிக் கம்பி வரிசை 3 மி.மீ. பத்துப் பீரங்கிகளும் 10.5 செ.மீ. வாய் கொண்டவை, குழல் நீளம் வாயளவின் 40 மடங்கு, அதாவது 4.2 மீட்டர்; மாடலில் சரியாக 12 மி.மீ. பீரங்கிக் கவசத் தகடு 50 மி.மீ. தடிமன், மாடலில் அது 0.14 மி.மீ. இந்த அளவு மெல்லிசாகப் பிளாஸ்டிக்கை வார்க்க முடியாது என்பதால் எந்தப் பெட்டியிலும் கவசங்கள் கொஞ்சம் தடித்தே வரும்.

துருவுக்கும் இதே கணக்குதான். 1 மி.மீ. துருப் புள்ளி என்பது நிஜத்தில் சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிய துரு. டாங்கி மாடல் கட்டிப் பழகியவர்கள் கப்பலுக்கு வரும்போது செய்கிற முதல் பிழை இது. 1/35 டாங்கியில் அழகாக இருக்கும் சிராய்ப்பு, 1/350 கப்பலில் குண்டு விழுந்த ஓட்டை மாதிரித் தெரியும்.

உடல்

பாகச் சட்டங்களை (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டங்கள்) இளஞ்சூட்டு நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் விட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதாக வர அடிக்கும் எண்ணெய் மிச்சமிருந்தால் பிரைமர் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) அந்த இடத்தில் மட்டும் உரியும். அது தெரியவருவது மறைப்பு நாடாவை இழுக்கும்போதுதான். அப்போது தெரிந்து பயனில்லை.

இந்த அளவில் கப்பலின் உடல் பெரும்பாலும் இடம், வலம் என்று இரண்டு பாதியாகவே வரும். ஒட்டாமல் சேர்த்துப் பிடித்து, அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை கண்ணோட்டம் விட்டுப் பாருங்கள். பாதி ஒன்று வளைந்திருந்தால் 60 டிகிரி நீரில் ஒரு நிமிடம் முக்கி, கையால் நேராக்கி, குளிர்ந்த நீரில் வையுங்கள். கொதிநீர் கூடாது, பாலிஸ்டைரீன் சுருண்டுவிடும்.

உள்ளே 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிய குறுக்குச் சுவர்கள் மூன்று, சுமார் 8 செ.மீ.க்கு ஒன்றாக வையுங்கள். இவை இல்லையென்றால் நடுப்பகுதி உள்வாங்கி, மேல்தளம் இரு பக்கமும் விளிம்பில் தூக்கி நிற்கும். உடலை மூடும் முன்பே 3 மி.மீ. மரையுள்ள இரண்டு நட்டுகளை அடிப்பக்கம் எப்பாக்ஸியில் பதித்துவிடுங்கள். ஒன்று அணியத்திலிருந்து 9 செ.மீ., மற்றது 24 செ.மீ. தள்ளி. அதற்கு நேராக வெளியே துளை. வண்ணமடிக்கும்போது மரக்கட்டையில் திருகிப் பிடித்துக்கொள்ளவும், பின்னால் பீடத்தில் நிறுத்தவும் இதே திருகு உதவும். கை படாமல் கப்பலைத் திருப்ப முடிவது பெரிய வசதி. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் எந்த வாஷும் (நீர்க்கக் கரைத்த அழுக்கு வண்ணம்) ஒழுங்காக ஓடாது.

ஒட்டுக்கு நீர் போன்ற மெல்லிய மாடல் சிமென்ட், அதாவது பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் பசை. இரண்டு பாதியைச் சேர்த்துப் பிடித்து, தூரிகை நுனியை இணைப்பில் தொட்டால் திரவம் தானாகவே இடுக்கில் ஓடும். ஒரு தடவைக்கு 3 செ.மீ., பத்து நொடி அழுத்தம், அடுத்த 3 செ.மீ. லேசாகப் பிளாஸ்டிக் பிதுங்கி வந்தால் நல்லது. காய்ந்ததும் அதைத் தேய்த்தால் இணைப்பே தெரியாது. குறைந்தது 24 மணி நேரம் காயவிடுங்கள். அவசரப்பட்டு மறுநாளுக்கு முன் தேய்த்தால், இளகிய பிளாஸ்டிக் பின்னர் சுருங்கி, வண்ணம் அடித்த பிறகு இணைப்பு நெடுக மெல்லிய பள்ளமாக எழும். பட்டி பார்ப்பது மீதமுள்ள இடுக்குகளுக்கு மட்டும். 400, 600, 1000 என்று உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேயுங்கள். அணியத்தின் கத்தி முனையை 1000 எண் தாளால் மட்டும். வேகமாகத் தேய்த்தால் கூர் மழுங்கிக் கப்பலின் முகமே மாறிவிடும்.

வட்டச் சன்னல்கள் வார்ப்பில் மேலோட்டமான குழிகளாகத்தான் இருக்கும். 30 செ.மீ. கண்ணாடி மாடலில் 0.85 மி.மீ. ஆகவே 0.8 மி.மீ. துளைப்பான், கையால் சுழற்றும் பிடி. மின்சாரத் துளைப்பான் வேண்டாம்; சூட்டில் பிளாஸ்டிக் உருகித் துளை நீள்வட்டமாகும். முதலில் ஊசியால் நடுவில் ஒரு குத்து, பிறகு நான்கைந்து சுற்று. ஒரு வரிசையில் ஒரு துளை நகர்ந்தாலும் அந்த வரிசை முழுக்கக் கோணலாகத் தெரியும் என்பதால் நேராக ஒட்டிய நாடாவின் விளிம்பை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பீரங்கி, கம்பம், பித்தளை

பத்துப் பீரங்கிகள்: முன்மேடையில் அருகருகே இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு, பின்னால் அருகருகே இரண்டு. பிளாஸ்டிக் குழல்களில் அச்சுக் கோடு ஓடும். அதைத் தேய்க்கத் தேய்க்கக் குழல் உருளையாக இல்லாமல் போகும். கடைசல் பித்தளைக் குழல்கள் வாங்க முடிந்தால் அதுதான் இந்தக் கப்பலில் செலவுக்கு நல்ல பலன். பொருத்த 0.5 மி.மீ. துளை, ஆழம் 1 மி.மீ. போதும். கவசங்களின் உள்விளிம்பை மட்டும் சாய்வாகச் சுரண்டி மெல்லிசாக்கினால் முழுத் தகடே மெல்லிசாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிவது விளிம்புதான்.

இரண்டு கம்பங்களையும் பித்தளைக் கம்பியில் செய்யச் சொல்வேன், பேச்சுக்கே இடமில்லை. அடியில் 1 மி.மீ., நடுவில் 0.8, மேலே 0.5; துண்டுகளைச் சிறு குழாயால் இணைத்து சூப்பர் க்ளூ. பிளாஸ்டிக் கம்பத்தில் கயிறு வலை கட்ட ஆரம்பித்ததும் ஒவ்வொரு நூலும் தன் பக்கம் இழுக்கும். பத்தாவது நூலில் முதல் நூல் தொய்ந்துவிடும். அதைச் சரிசெய்தால் ஏழாவது தொய்யும். பித்தளையில் இந்தத் தொல்லை கிடையாது.

எட்சிங் பித்தளைத் தகடுகள் (அமிலத்தில் அரித்து வடித்த மெல்லிய பாகங்கள்), முக்கியமாகக் கைப்பிடி வரிசைகள், சட்டத்திலேயே இருக்கும்போது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பிரைமரும் அடிச்சாம்பலும் அடித்துவிடுங்கள். வெட்டும்போது அடியில் கண்ணாடித் துண்டு, மேலே புது பிளேடு. மென்மையான பாயின் மேல் வெட்டினால் வரிசை அடியில் சுருளும். ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூவை ஒரு தட்டில் விட்டு, ஊசிமுனையால் தொட்டு, நான்கு தூண்களுக்கு ஒன்றில் மட்டும் வைத்து முதலில் நிறுத்துங்கள். நேராக இருக்கிறது என்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகு மீதித் தூண்களுக்கு.

சூப்பர் க்ளூ காயும்போது எழும் ஆவி அருகில் வெள்ளைப் பனியாகப் படியும். காற்றில் ஈரப்பதம் அதிகமென்றால் இன்னும் மோசம். ஒட்டிய உடனே மாடலைப் பெட்டியில் மூடி வைத்தால் காலையில் மேல்தளம் முழுக்க வெளுத்திருக்கும். மூடாமல் மின்விசிறி ஓடும் அறையில் இரண்டு மணி நேரம் விடுங்கள், காற்று நேராகப் படாமல்.

சாம்பல்

பிரைமராக மிஸ்டர் சர்ஃபேசர் 1000, இரண்டு மெல்லிய அடுக்கு. இதுதான் ஒட்டுகளின் உண்மையைச் சொல்லும் நேரம். தெரிகிற பள்ளத்துக்கு மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு, மறுபடி பிரைமர். மூன்றாவது சுற்றும் வரலாம்.

போர்க்காலச் சாம்பல் வெள்ளையின் மேல் அடித்தது. அதனால் அடியில் முதலில் வெள்ளையே அடியுங்கள். மேல்சாம்பல் கொஞ்சம் தேய்ந்த இடங்களில் வெள்ளை மங்கலாகக் கசிவது இந்தக் கப்பலின் அழகு. எல்லாச் சாம்பல் கப்பலுக்கும் இந்த நியாயம் கிடையாது. சாம்பலுக்கு டமியா எக்ஸ்.எஃப்-66 நல்ல தொடக்கம். பத்துப் பங்குக்கு ஒரு பங்கு வெள்ளை கலக்குங்கள். தூரத்திலிருந்து பார்க்கும் பெரிய பொருள் வெளிறித் தெரியும்; சின்ன மாடலில் அசல் நிறத்தை அப்படியே அடித்தால் கருத்து, கனத்துத் தெரியும். வண்ணமும் தின்னரும் சமபங்கு, ஏர்பிரஷ் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ., முனை 5 செ.மீ. தூரம்.

ஒரே சீராக அடிக்காதீர்கள். அணியம், நங்கூரத் துளையின் கீழ், உடலின் நடுப்பகுதி, இந்த மூன்று இடத்திலும் சாம்பலை மெல்லிசாக விட்டு வெள்ளை லேசாகத் தெரியவிடுங்கள். இரண்டாம் சுற்றில் இன்னும் ஐந்து சொட்டு வெள்ளை கலந்து, மேலிருந்து கீழாக ஒழுங்கில்லாத செங்குத்துக் கோடுகள். கிடைக்கோடு வேண்டாம். மழையும் அலையும் கீழ்நோக்கித்தான் வடியும்.

நீர்மட்டக் கோட்டுக்கு, கப்பலைத் திருகிய பீடத்தைச் சமதளக் கண்ணாடி மேல் வைத்து, சரியான உயரத்துக்கு அடுக்கிய கட்டைகளில் பென்சிலை நாடாவால் கட்டி, பென்சிலை நகர்த்தாமல் அதைத் தாங்கும் கட்டையைக் கப்பலைச் சுற்றி நகர்த்துங்கள். நாடாவை 2 மி.மீ. பட்டையாக வெட்டினால்தான் அணியத்தின் வளைவில் மடங்காமல் உட்காரும். பட்டையின் விளிம்பில் முதலில் மேல்சாம்பலையே மெல்லிசாக ஒரு தடவை அடித்துவிட்டு, பிறகு கீழ்ச்சிவப்பு. இடுக்கில் கசிவது சாம்பலாக இருந்துவிடும். கோடு கத்தியால் வெட்டியது போல வரும்.

மேல்தளத்துக்கு மங்கிய பழுப்பு. பலகை வரிகள் உள்ள இடத்தில் அங்கங்கே சில பலகைகளை மட்டும் ஒரு நூல் வெளிறியதாகவும் ஒரு நூல் கருத்ததாகவும் தூரிகையால் தீட்டுங்கள். பளிச்சென்று வேறுபட்டால் தரையில் கோலம் போட்டதுபோல் ஆகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் பளபளப்பு வார்னிஷ், இரண்டு அடுக்கு, ஒரு நாள் காயல். வாஷ் ஓடுவதற்கு வழுக்கும் தரை வேண்டும். மேட் (பளபளப்பில்லாத) தரையில் வாஷ் ஓடாமல் விட்ட இடத்திலேயே கறையாகக் குடிக்கும்.

அழுக்கு எங்கிருந்து வருகிறது

எம்டனில் 12 நிலக்கரிக் கொதிகலன்கள். உடன்பிறந்த கப்பல் டிரெஸ்டனுக்கு டர்பைன் பொருத்தினார்கள். எம்டனுக்குப் பழைய பிஸ்டன் எஞ்சின்தான். எப்படியானாலும் தீனி நிலக்கரி. துறைமுகம் எதுவும் திறந்திருக்கவில்லை என்பதால் கூடவே வந்த நிலக்கரிக் கப்பல் மார்கொமானியாவிலிருந்தும், பிடித்த கப்பல்களிலிருந்தும் கடலிலேயே, மூட்டை மூட்டையாக, கையால் ஏற்றினார்கள். அறைகள் நிறைந்த பிறகு மேல்தளத்திலும் குவித்தார்கள். இந்தக் கப்பலின் அழுக்கில் முக்கால் பங்கு கரிதான். துரு அதற்குப் பின்னால்தான். சுமார் 360 பேர் உள்ள போர்க்கப்பலில் துரு பிடித்த இடத்தை நாள்கணக்கில் விட்டுவைக்க மாட்டார்கள். ஒன்றரை மாதத்தில் எம்டன் துருப்பிடித்த சரக்குக் கப்பலாகிவிடவில்லை.

முதலில் பொது வாஷ். ஆயில் வண்ணத்தில் பர்ன்ட் அம்பர், கறுப்பு இரண்டும் சமமாக. ஒரு பங்கு வண்ணத்துக்கு 15 பங்கு மணமில்லாத தின்னர். முழு உடலுக்கும் பூசாதீர்கள். கதவு விளிம்பு, பீரங்கிப் பீடம், வட்டச் சன்னல், தளமும் சுவரும் சேரும் மூலை, இவற்றில் மட்டும் நுனித் தூரிகையால் தொட்டால் திரவம் ஓடிப் பிடித்துக்கொள்ளும். 20 நிமிடம் கழித்து, தின்னரில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் மிகுதியை எடுங்கள். தின்னர் குளமாகத் தேங்கவே கூடாது. வண்ணம் மூடாத இடுக்கு வழியாக உள்ளே போனால், இழுவிசையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் மாதம் கழித்து விரிசல் விடும். அணியத்திலும் அமரத்திலும், அதாவது வளைத்துப் பிடித்து ஒட்டிய இடங்களில்தான் இது முதலில் நடக்கும்.

அடுத்தது வடிகோடு. தளத்து நீர் வெளியேறும் துளைகளின் கீழே ஊசிமுனை அளவு ஆயில் வண்ணப் புள்ளி: சாம்பல் கலந்த கறுப்பு மூன்று, பழுப்பு ஒன்று என்ற விகிதத்தில். பத்து நிமிடம் விட்டு, தட்டைத் தூரிகையை லேசாக ஈரமாக்கி மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. நீளம் 3 முதல் 6 மி.மீ.; நிஜத்தில் 1 முதல் 2 மீட்டர். எல்லாத் துளைக்கும் ஒரே நீளம் வந்தால் சீப்பால் வாரியது போலிருக்கும். சில துளைகளைச் சும்மா விட்டுவிடுங்கள்.

துரு இரண்டே இடத்தில் நியாயம்: நங்கூரமும் அதன் துளையும், சங்கிலி தேய்க்கும் தளம். இங்கும் ஆரஞ்சு வேண்டாம். பர்ன்ட் சியன்னாவில் கறுப்பு தொட்டு, நீர்த்து, ஒரே ஒரு வடிகோடு.

இனி கரி. நிலக்கரிக் கப்பல் பக்கத்தில் அணைந்து நிற்கும்போது கடல் ஏற்ற இறக்கத்தில் இரண்டு உடல்களும் உரசும். அந்த உரசல் நடுப்பகுதியில், தளவிளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில், கிடைமட்டமாக இருக்கும். செங்குத்து வடிகோடுகளுக்கு நடுவே இந்தச் சில கிடைக்கோடுகள் மட்டும் பொருளுள்ளவை. ஸ்பாஞ்சுத் துண்டை வெளிர் சாம்பலில் தொட்டு, தாளில் ஒற்றி ஏறக்குறைய உலர்ந்ததும் ஒரே திசையில் இழுங்கள். மிகச் சில இடத்தில் அடி வெள்ளை தெரியட்டும். அதன் மேலே தளவிளிம்பில், மூட்டைகள் ஏறிய இடத்தில், கறுப்புத் தூள் படிந்த மங்கல். மூட்டை ஏறும் பக்கத்தில் வடியும் கறுப்பு நீருக்கும் ஒன்றிரண்டு கோடு கொடுங்கள். ஏற்றி முடித்ததும் தளத்தைக் குழாய் நீரால் கழுவுவார்கள், அந்தக் கருநீர் பக்கங்களில்தான் இறங்கும்.

தளத்துக் கரிக் குவியலுக்கு அடுப்புக்கரியே போதும். உரலில் இடித்து, டீ வடிகட்டியில் சலித்து, அடியில் விழும் நைஸ் தூளை மட்டும் எடுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு கட்டி மாடலில் பாறாங்கல். குவியலை முதலில் எப்பாக்ஸிப் பட்டியில் 2 மி.மீ. உயரத்துக்குப் பிடித்து, மேலே தூளைத் தூவி, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு நீர், ஒரு சொட்டுப் பாத்திரத் திரவம் கலந்து ஊசியால் சொட்டு சொட்டாக விடுங்கள். பாத்திரத் திரவம் இல்லையென்றால் சொட்டு உருண்டை பிடித்துத் தூளைத் தள்ளிக்கொண்டு ஓடும். குவியலைப் பீரங்கி சுழலும் வட்டத்துக்குள் வைக்காதீர்கள். அன்றிரவு சுடப்போகும் கப்பல் இது. குவியலைச் சுற்றி, அறை மூடிகளைச் சுற்றி, உலர்ந்த கறுப்புப் பிக்மென்ட்டைத் (வண்ணத் தூள்) தூரிகையால் தட்டித் தட்டிப் பரப்புங்கள். ஆட்கள் நடக்கும் பாதையில் கொஞ்சம் துடைத்துவிட்டால் கால் தடம் கிடைத்துவிடும்.

புகைபோக்கிகளின் மேல் கால்பங்கு கறுப்பேறும், ஆனால் அதற்கு நேர்க்கோட்டு எல்லை கிடையாது. கறுப்பும் பழுப்பும் கலந்த பிக்மென்ட்டை மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கிக் கரையவிடுங்கள். சூட்டில் கருகும் வண்ணத்துக்காகப் பழுப்பு. பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். கப்பல் முன்னோக்கிப் போகும்போது புகை பின்னோக்கிப் படியும் அல்லவா? பின்கம்பத்தின் மேல்பாதி, அதிலுள்ள மேடை, பின்பக்கத் தேடுவிளக்கின் மேல்முகம் எல்லாம் முன்கம்பத்தை விடக் கருத்திருக்க வேண்டும். இந்த ஒரு சின்ன வேறுபாடு கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. ஆனால் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது என்பதை இதுபோல வேறெதுவும் சொல்லாது.

நீர்மட்டத்தை ஒட்டி உப்பு: வெளிர் சாம்பலில் நீர்த்த வாஷ், 2 மி.மீ. பட்டை, மேல் விளிம்பு அலைபோல. அதற்கு ஒட்டிக் கீழே ஒரு மெல்லிய பாசிப்பச்சை. சென்னைத் தேதிக்கு இந்தப் பச்சை வேண்டும். பினாங்கு கப்பல் கட்டுகிறவர்கள் இதை அடிக்கவே கூடாது. டியேகோ கார்சியாவில் சுரண்டிப் பதினைந்து சொச்ச நாள்தான் ஆகியிருந்தது, அங்கே நீர்மட்டத்தை ஒட்டிய பட்டை புது வண்ணமாகவே இருக்க வேண்டும். போலிப் புகைபோக்கிக்கு மற்ற மூன்றின் வடிவத்தில் காகிதக் குழல் சுற்றி, மேலே டிஷ்யூ தாளை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்தினால் கித்தானின் தொய்வு வந்துவிடும். அதன் வாயில் கரி மட்டும் வேண்டாம். அதிலிருந்து புகை வரவில்லை.

கயிறும் கொடியும்

கயிறு கடைசி. பாகச் சட்டத் துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு 2 செ.மீ. மேலே பிடித்துச் சுழற்றி, பளபளப்பு வந்து தொய்ந்ததும் சுடரை விட்டு விலக்கி இழுங்கள். வேகமாக இழுத்தால் மெல்லிசு, மெதுவாக இழுத்தால் தடிப்பு. 2 செ.மீ. வடக்கயிறு மாடலில் 0.06 மி.மீ.; தலைமுடி தடிமன். கம்பங்களைத் தாங்கும் கயிறுகள் கொஞ்சம் தடிப்பாக, கொடிக்கயிறும் வானொலிக் கம்பிகளும் மெல்லிசாக. நடுவிலிருந்து வெளியே, உள்ளிருந்து விளிம்புக்கு என்று கட்டினால் கை நுழைய இடம் மிஞ்சும். தொய்ந்த இழைக்கு ஊதுவத்தியின் கனலை அரை செ.மீ. தூரத்தில் ஒரு நொடி காட்டுங்கள், சுருங்கி விறைத்துக்கொள்ளும். இன்னும் அருகே கொண்டுபோனால் அறுந்துவிடும்.

கொடியை டெக்காலில் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப்படம்) எடுத்து, சாக்லேட் சுற்றிய மெல்லிய அலுமினியத் தாளில் ஒட்டி, பென்சில் மேல் சுற்றி அலைமடிப்புக் கொடுங்கள். கொடி பறக்கும் திசையும் புகைக்கரி படிந்த திசையும் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது.

பிக்மென்ட் போடுவதற்கு முன்பே மேட் வார்னிஷ் அடித்துவிட வேண்டும். போட்ட பிறகு அடித்தால் தூள் பாதி காணாமல் போகும், மீதி கறையாகும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் மேட் வார்னிஷ் பாட்டிலைத் தொடாதீர்கள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அநேகமாக எல்லா நாளும் அப்படித்தான். காயும் படலத்தில் ஈரம் சிக்கி, கறுத்த பகுதிகளெல்லாம் வெண்மேகம் படிந்து நிற்கும். படிந்துவிட்டால் உலர்ந்த நாளில் பளபளப்பு வார்னிஷ் ஒரு மெல்லிய அடுக்கு அடித்து, காய்ந்த பிறகு மறுபடி மேட் அடித்தால் பெரும்பாலும் தெளியும்.

கண்ணாடிப் பெட்டியில் வைக்கும்போது பூச்சி வராமலிருக்க என்று அந்துருண்டை மட்டும் போடாதீர்கள். அதன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும். மூடிய பெட்டிக்குள் சில மாதங்களில் மெல்லிய பிளாஸ்டிக் பாகங்கள் பிசுபிசுத்து வளையத் தொடங்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு, பீடத்தின் அடியில், கண்ணுக்குப் படாமல்.